தேர்தலில் தோற்ற கட்சி எத்திசை செல்லும்? – தாகேதாவை முன்வைத்து ஓர் உரை

(புலம்பெயர் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேர்தலில் வென்ற கட்சியைப் பற்றிப் பேச ஆயிரம் மேடைகள் உண்டு. தோற்ற கட்சியைப் பற்றிப் பேச எவரும் முன்வருவதில்லை. அக்கட்சியின் தலைவர்களே சில நாட்கள் வீட்டுக் கதவை அடைத்துக் கொள்வர். பின்னர் வெளியே வந்து, வாக்கு எண்ணிக்கையில் முறைகேடு என்பர், பணம் விளையாடியது என்பர், இறுதியில் மக்கள் நன்றி மறந்தவர்கள் என்பர். அத்துடன் தோல்வி பற்றிய ஆய்வு முடிந்துவிடும். ஆயினும் ஒரு நாட்டின் சனநாயகம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை வென்றவர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. தோற்றவர்கள் தோல்விக்கு மறுநாள் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதும் அதனைத் தீர்மானிக்கிறது.

இதனை ஏட்டுச் சுரைக்காயாகப் பேசுவதை விட ஓர் ஊரை வைத்துப் பார்ப்பது எளிது. மியன்மாரின் பெருநகரான யாங்கோனில், அதாவது பழைய பர்மாவின் ரங்கூனில், தாகேதா என்றொரு பகுதி இருக்கிறது. நகர நடுவிலிருந்து கிழக்கே, ஓடைக்கு அப்பால், பாகோ ஆறு வரை பரந்து கிடக்கும் உழைப்பாளர் வாழ் பகுதி அது. அங்கே தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. பர்மிய எழுத்தில் எழுதப்படும் அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால், பாலி நூல்கள் கூறும் சாகேதம் என்ற பழம்பெரும் நகரின் பெயர் கிடைக்கும். பாலியின் சகரம் பர்மியர் நாவில் தகரம் போல் ஒலிப்பதால் சாகேதம் தாகேதாவாயிற்று. அயோத்தியோடு சேர்த்துப் பேசப்படும் அந்தச் சாகேதத்தின் பெயரைத்தான், குடிசைகளை இழந்து வந்தவர்களுக்காக வெட்டப்பட்ட மனைத்தொகுதிக்குச் சூட்டினார்கள். பெயர் சூட்டுவதில் அரசுகள் என்றுமே கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

தாகேதா இயல்பாக வளர்ந்த ஊர் அன்று. 1948 சனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. நாட்டுப்புறத்தில் உயிருக்கு அஞ்சியவர்கள் ரங்கூனுக்கு ஓடிவந்து, வெற்றிடம் கண்ட இடமெல்லாம் மூங்கிலும் ஓலையும் கொண்டு குடிசை அமைத்தனர். பத்து ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. 1958 இறுதியில் ஆட்சிக்கு வந்த தளபதி நே வின் தலைமையிலான காபந்து அரசு, கர்னல் துன் செய்னை மாநகர முதல்வராக்கி, நகரத்தைத் தூய்மை செய்யும் பணியை இராணுவ வேகத்தில் முடித்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குடிசைவாசிகள் லாரிகளில் ஏற்றப்பட்டு நகர விளிம்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுக்காக அமைக்கப்பட்ட மூன்று புறநகர்களே வட ஒக்கலாப்பா, தென் ஒக்கலாப்பா, தாகேதா என்பன.

அந்த அரசு தன் சாதனைகளைப் படங்களோடு தடித்த நூலாக அச்சிட்டது. அப்புறப்படுத்தப்பட்ட குப்பை, அமைக்கப்பட்ட சாலை, குறைக்கப்பட்ட விலை என்று எல்லாம் கணக்கோடு அந்நூலில் இருந்தன. திறமையில் ஐயமில்லை. ஆனால் லாரியில் ஏற்றப்பட்டவரிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. மனை கிடைத்தது, வேலைக்குச் செல்லும் தொலைவும் கூடியது. இத்தகைய நன்மை வாக்காக மாறுமா என்பதுதான் 1960 தேர்தலில் எழுந்த வினா.

அந்தத் தேர்தலுக்கு முன் நடந்தவற்றைச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. பர்மாவின் விடுதலையை ஈட்டிய அமைப்பு, 1944இல் சப்பானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக உருவான பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலைக் கழகம். அதன் தலைவர் அவுங் சான் 1947 சூலை 19 அன்று கொலையுண்டபின் ஊ நூ தலைமை ஏற்றார். 1956 தேர்தலிலும் அக்கழகமே வென்றது. எனினும் இடதுசாரி எதிரணி எதிர்பாராத அளவு வாக்குகளைப் பறித்துக் கொண்டது. அப்போது ஊ நூ செய்தது இன்றைய தலைவர்கள் அறிய வேண்டிய செயல். பிரதமர் பதவியைப் பா சுவேயிடம் கொடுத்துவிட்டு, கட்சியைச் சீர்செய்யப் போவதாகக் கூறி ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் விலகி நின்றார். வென்ற கட்சியே தன் தேய்வைக் கண்டு திடுக்கிட்டது அரிய செய்தி. ஆயினும் சீர்செய்ய முடியவில்லை. வேர்களில் இருந்த பகை கிளைகளுக்கு ஏறி, 1958இல் கழகம் இரண்டாக உடைந்தது. ஊ நூவின் பிரிவு தன்னைத் ‘தூய’ கழகம் என்றது. பா சுவே, கியாவ் நியேன் ஆகியோரின் பிரிவு ‘உறுதியான’ கழகம் என்றது. தூய்மையும் உறுதியும் ஒரே வீட்டில் வாழ முடியாமற் போனது அந்நாட்டின் கெடுவாய்ப்பு.

1958 சூன் 9 அன்று நாடாளுமன்றத்தில் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஊ நூ 8 வாக்கு வேறுபாட்டில் தப்பினார். அதுவும் இடதுசாரிகளின் ஆதரவால். நாடு முழுவதும் இரு அணிகளின் ஆட்களும் மோதும் நிலை வந்ததும், ஊ நூவே நே வினை அழைத்து ஆட்சியை ஒப்படைத்தார். அதாவது, படைமுகாமின் கதவை முதலில் தட்டியவர் பின்னர் வென்றவரே. குற்றம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாதங்களுக்கென்று வந்த அரசு, அரசியல் சட்டத்தைத் திருத்திக் கொண்டு ஒன்றரை ஆண்டு இருந்தது.

இந்த ஒன்றரை ஆண்டில் உறுதி அணியினர் ஒரு கணக்குப் போட்டனர். தொழிற்சங்கங்களில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. கட்சியில் அமைப்பு வேலை தெரிந்தவர்கள், படித்தவர்கள், திட்டமிடக் கூடியவர்கள் பெரும்பாலும் அவர்கள் பக்கம். இராணுவ அதிகாரிகளும் தம்மையே விரும்புகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே வெற்றி உறுதி என்று நம்பினர். கணினித் துறையில் உள்ள இளையோர்க்கு இந்தத் தவறு உடனே விளங்கும். பட்டியலில் ஓர் இலட்சம் பெயர் இருப்பது ஒன்று, அந்த ஓர் இலட்சம் பேரும் காலையில் எழுந்து வந்து வரிசையில் நிற்பது வேறொன்று. உறுப்பினர் எண்ணிக்கையைத் தலைவர்கள் வாக்கு எண்ணிக்கையாக வாசித்து விடுகிறார்கள்.

1960 பெப்ரவரி 6 அன்று வாக்களிப்பு நடந்தது. ஒவ்வொரு கட்சிக்கும் தனிப் பெட்டி வைக்கும் முறை அன்று இருந்தது. ஊ நூவின் அணி துறவியர் ஆடையின் மஞ்சள் நிறத்தையும் அவரது படத்தையும் முன்வைத்தது. பௌத்தத்தை அரச மதமாக்குவதாகவும் அவர் வாக்களித்திருந்தார். அந்த வாக்குறுதி பிற்காலத்தில் கச்சின் முதலான கிறித்தவ இனங்களைப் புண்படுத்தியது என்பதையும், ஊ நூவின் வெற்றியில் எல்லாமே போற்றத்தக்கதாக இல்லை என்பதையும் இங்கே குறித்து வைப்பது நன்று. எனினும் முடிவு ஐயத்துக்கு இடமின்றி வந்தது. 250 இடங்கள் கொண்ட அவையில் தூய அணி 150க்கும் மேற்பட்ட இடங்களைப் பெற்றது. உறுதி அணிக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 40. பா சுவேயும் கியாவ் நியேனும் தத்தம் தொகுதிகளிலேயே தோற்றனர்.

இராணுவ ஆட்சியின் கீழ் பொருள் விலை இறங்கியது, தெரு தூய்மையானது, திருட்டுக் குறைந்தது. அதன் பின்னும் மக்கள் இராணுவத்துக்கு விருப்பமான கட்சியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தெருவைப் பெருக்கியவர்க்கு நன்றி கூறலாம். அதற்காகத் தன்னை லாரியில் ஏற்றிய கையிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க எவரும் விரும்புவதில்லை.

இங்கே ஒரு புள்ளிவிவரம் மறைந்து போகிறது. 40 இடங்கள் பெற்ற அந்தக் கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்த வாக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு. பத்தில் மூவர். தொகுதி வாரித் தேர்தல் முறையின் இயல்பு இது. பரவிக் கிடக்கும் ஆதரவு இடங்களாக மாறுவதில்லை. ஆனால் அந்த மூவர் உண்மையானவர்கள். இராணுவத்துக்காக அன்றி, தொழிற்சங்கத்துக்காகவும் தம் தலைவர்களின் அறிவுக்காகவும் வாக்களித்தவர்கள் அவர்களிலும் இருந்திருப்பர். தோற்ற கட்சியின் முதலீடு அவர்களே. பழைய பாசிச எதிர்ப்புக் கழகத்தின் புகழ் வாய்ந்த பெயரும் உறுதி அணியிடமே எஞ்சியது, ஏனெனில் ஊ நூ தம் அணிக்கு ஒன்றியக் கட்சி என்று புதுப்பெயர் சூட்டினார். அந்த ஒன்றியக் கட்சியும் ஈராண்டுக்குள் உள்ளே பிளந்து கொண்டிருந்தது. காத்திருந்து, உழைத்து, அடுத்த தேர்தலைச் சந்தித்திருந்தால் உறுதி அணி மீண்டிருக்கக் கூடும்.

அடுத்த தேர்தல் வரவில்லை. 1962 மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். முதலில் சிறை சென்றவர்கள் ஊ நூவும் அவர் அமைச்சர்களும். தோற்ற அணியின் தலைவர்கள் வெளியே விடப்பட்டிருந்தனர். அந்தச் சலுகை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1963இல் பா சுவேயும் கியாவ் நியேனும் கைதாயினர். 1964 மார்ச்சில் ஆளும் பர்மிய சோசலிசத் திட்டக் கட்சி ஒன்றைத் தவிர ஏனைய எல்லாக் கட்சிகளும் கலைக்கப்பட்டன. வென்றதும் கலைந்தது, தோற்றதும் கலைந்தது. 1968 இறுதியில் நே வின் 33 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தபோது, ஊ நூவும் பா சுவேயும் கியாவ் நியேனும் அதில் ஒன்றாக அமர்த்தப்பட்டனர். 8 வாக்கு வேறுபாட்டுக்காக நாட்டை உடைத்தவர்கள், அதிகாரமற்ற ஒரு மேசையைச் சுற்றி ஒன்றுசேர்ந்தனர். அவர்கள் கூறிய ஆலோசனையும் ஏற்கப்படவில்லை.

இந்தக் கதையில் தமிழர் எங்கே என்று இளையோர் கேட்கலாம். விலை கொடுத்தவர்களில் அவர்கள் இருந்தனர். 1963, 1964ஆம் ஆண்டுகளில் வங்கி, மொத்த வணிகம், சில்லறைக் கடை என்று அனைத்தும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் கப்பலேறினர், அவர்களுட் பெருந்தொகையினர் தமிழர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களின் கையில் ஒரு தலைமுறையின் உழைப்பு இல்லை. சென்னையின் பர்மா பசாரும், தமிழகத்தின் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அவர்களால் உருவானவை. கேட்க ஒரு நாடாளுமன்றம் இருந்திருந்தால், எதிர்க்கட்சி ஒன்று உயிரோடு இருந்திருந்தால், சட்டங்கள் அப்படியே வந்திருக்கலாம், ஆனால் ஒரு குரலாவது பதிவாகியிருக்கும். ஊ நூவின் அமைச்சரவையில் இந்திய வம்சாவளியினரான ஊ ரஷீத் அமைச்சராக இருந்தவர் என்பதை இளையோர் பலர் அறியார். 1962க்குப் பின் அத்தகைய ஒருவர் அமர்வதற்கு அவையே இல்லாமற் போயிற்று. சிறுபான்மையினர் தம் நலன் கருதியேனும், தமக்குப் பிடிக்காத எதிர்க்கட்சி கூட உயிரோடு இருக்க வேண்டும் என்று விரும்ப வேண்டியவர்கள்.

கப்பலேறாமல் அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் பின்னர் கண்ட தேர்தல்களைச் சுருக்கமாகக் கூறலாம். 1990 மே 27 அன்று நடந்த தேர்தலில் அவுங் சான் சூ சீயின் சனநாயகத்துக்கான தேசிய லீக் 485 இடங்களில் 392ஐ வென்றது. பழைய ஆளுங்கட்சியின் மறுபிறப்பான தேசிய ஒற்றுமைக் கட்சிக்குக் கிடைத்தவை 10. ஆனால் வாக்கு விழுக்காடு 21. மீண்டும் அதே கதை. ஐந்தில் ஒருவர் வாக்களித்த கட்சி அது. இராணுவம் ஆட்சியை ஒப்படைக்க மறுத்தது. அந்த மறுப்பினால் தோற்ற கட்சி எதையும் ஈட்டவில்லை. மக்களிடம் செல்ல வேண்டிய தேவையை இழந்த அக்கட்சி, பின்னர் பெரிய கட்சியாக எழவே இல்லை.

2010இல் உருவாக்கப்பட்ட ஒன்றிய ஒருமைப்பாட்டு வளர்ச்சிக் கட்சியின் நிலைமை இதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது. 1993இல் இராணுவ ஆட்சி தொடங்கிய மாபெரும் மக்கள் சங்கம் ஒன்றைக் கட்சியாக மாற்றிப் பெற்ற உடல் அது. 2008 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்தம் 664 இடங்கள். அவற்றில் 166 இடங்கள், அதாவது கால் பங்கு, தேர்தலின்றி இராணுவத்துக்கு. பெரும்பான்மைக்குத் தேவை 333. இராணுவத்தின் 166ஐக் கழித்தால் இக்கட்சி வெல்ல வேண்டியவை 167 இடங்கள் மட்டுமே, தேர்தல் நடைபெறக்கூடிய 498 இடங்களில் மூன்றில் ஒன்று. வேறெந்த நாட்டிலும் ஒரு கட்சிக்கு இவ்வளவு தாழ்வான வேலி அமைத்துக் கொடுக்கப்பட்டதில்லை என்றே கூறத் தோன்றும். 2015இல் அக்கட்சி பெற்றவை 41. 2020இல் 33.

வேலி தாழ்வாக இருந்தும் தாண்ட முடியாமற் போனது ஏன்? தாழ்வாக இருந்ததாலேயே என்பது பொருத்தமான விடை. மூன்றில் ஒன்று போதும் என்று எழுதி வைத்துக் கொண்டவர்கள் எஞ்சிய இரண்டு பங்கினரின் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. 2015 தோல்விக்குப் பின்னும் அக்கட்சிக்கு நாடு முழுவதும் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோரின் வாக்கு இருந்தது. தெய்ன் செய்ன் குடியரசுத் தலைவராக இருந்த ஐந்து ஆண்டுகளில் பத்திரிகைத் தணிக்கை நீங்கியது, அரசியல் கைதிகள் பலர் விடுதலையாயினர், கைத்தொலைபேசி சாமானியர் கைக்கு வந்தது. 2015இல் தோற்றதும் அவரது அரசு 2016இல் முறையாக ஆட்சியை ஒப்படைத்தது. அந்நாட்டு வரலாற்றில் அது சிறிய செயல் அன்று. இவற்றை முன்வைத்து, இராணுவத்திலிருந்து விலகி நிற்கும் பழைமைவாதக் கட்சியாக அது வளர்ந்திருக்க முடியும். ஆனால் இராணுவத்திலிருந்து விலகி நடக்க முயன்ற சுவே மானை, அத்தேர்தலுக்கு மூன்று மாதங்கள் முன்னரே, 2015 ஆகத்தில் நள்ளிரவில் தலைமையிலிருந்து அகற்றிவிட்டிருந்தனர். அதன் பின் தலைவர்களாக வந்த அனைவரும் முன்னாள் இராணுவ அதிகாரிகளே.

அக்கட்சிக்கு நியாயமான கோரிக்கை ஒன்றும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2012 இடைத்தேர்தலில் சூ சீயின் கட்சி 45 இடங்களில் 43ஐ வென்றபோதே, விகிதாசாரத் தேர்தல் முறை வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. வாக்குக்கு ஏற்ற இடம் என்பது தவறான கோரிக்கை அன்று. 1960இலும் 1990இலும் அம்முறை இருந்திருந்தால் தோற்றவர்கள் அவையில் தக்க வலிமையுடன் அமர்ந்திருப்பர், வென்றவர்களும் அடக்கத்துடன் நடந்திருப்பர். அக்கோரிக்கையைப் பொதுமக்களிடம் எடுத்துச் சென்று, சிறிய இனங்களின் கட்சிகளையும் சேர்த்துக் கொண்டு போராடும் பாதை ஒன்று இருந்தது. 2020 நவம்பர் 8 தேர்தலில் மீண்டும் தோற்றதும் அக்கட்சி அந்தப் பாதையை எடுக்கவில்லை. முடிவு செல்லாது, இராணுவத்தின் துணையோடு மறுதேர்தல் வேண்டும் என்றது. 2021 பெப்ரவரி 1 விடியலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது.

மறுபடியும் தாகேதாவுக்கு வருவோம். அந்த மார்ச் மாத நடுப்பகுதியில், ஓர் இரவு, கைது செய்யப்பட்டவர்களை விடுவிக்கக் கோரித் தாகேதா காவல் நிலையத்தின் முன் மக்கள் திரண்டனர். துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் இறந்தனர் என்று செய்திகள் கூறின. 1959இல் லாரியில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வயதில் உள்ளவர்கள் அந்தத் தெருக்களில் நின்றனர். 2023 மார்ச்சில் சூ சீயின் கட்சி, புதிய பதிவுச் சட்டப்படி பதியவில்லை என்று கலைக்கப்பட்டது. 2025 டிசம்பர் 28 முதல் கட்டம் கட்டமாகத் தேர்தல் நடத்தப்பட்டு, ஒன்றிய ஒருமைப்பாட்டு வளர்ச்சிக் கட்சி பெருவெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 2020இல் மக்கள் தேர்ந்தெடுத்த கட்சி அந்த வாக்குச்சீட்டில் இல்லை. போர் நடந்த பல நகரியங்களில் வாக்களிப்பே இல்லை. வென்றதாகச் சொல்லப்படும் கட்சிக்கு உண்மையில் எத்தனை பேர் ஆதரவு என்பதை அக்கட்சியே இனி அறிய வழியில்லை. தோல்வி ஒரு கட்சிக்குத் தரும் ஒரே செல்வம் அந்தச் செய்திதான், அதையும் அது தொலைத்துவிட்டது.

சூ சீயின் கட்சியின் பக்கத்திலும் ஒரு கணக்கு நேர் செய்யப்படவில்லை. 2015இல் அக்கட்சி நிறுத்திய வேட்பாளர்களில் ஒரு முசுலிம் கூட இல்லை. பெரும்பான்மையினரின் சினத்துக்கு அஞ்சியே அவ்வாறு செய்தது. 1982 குடியுரிமைச் சட்டத்தின் படிநிலைகளால் அல்லலுறும் இந்திய வம்சாவளியினரின் துயரமும் அதன் ஐந்தாண்டு ஆட்சியில் தீரவில்லை. பெருவெற்றி பெற்றவர்க்குச் சிறுபான்மையினர் தேவைப்படுவதில்லை. தோற்றவர்க்கே தேவைப்படுவர், தோற்றவர் தேர்தலை நம்பியிருந்தால் மட்டும்.

பர்மாவில் இராணுவம் இருந்தது, ஆகவே அப்படி ஆயிற்று, மற்ற இடங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லலாம். கப்பலில் சென்னைக்கு வந்தவர்கள் மூன்றாண்டுகளில் அங்கே கண்ட தேர்தலைப் பார்க்கலாம். 1967இல் தமிழகத்தில் காங்கிரசு வீழ்ந்தது. காமராசரே விருதுநகரில் ஒரு மாணவத் தலைவரிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு ஏறத்தாழ 50. வாக்கு விழுக்காடோ காங்கிரசுக்கு ஏறக்குறைய 41, தி.மு.க.வுக்கும் ஏறக்குறைய அதே அளவு. வீழ்ந்த கட்சி படையை அழைக்கவில்லை, முடிவை ஏற்றது. காமராசர் 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குச் சென்றார். இதுவரை பர்மாவுக்கு நேர்மாறான, பெருமைக்குரிய வரலாறு.

ஆனால் அதற்குப் பின் வேறொரு படைமுகாம் கிடைத்தது. அது தில்லி. கட்சி 1969இல் உடைந்தபின், 1971 சட்டமன்றத் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரசு தமிழகத்தில் ஓர் இடத்தில் கூடப் போட்டியிடவில்லை. மக்களவை இடங்களுக்காகச் சட்டமன்றத்தை முழுமையாகத் தி.மு.க.வுக்கு விட்டுக்கொடுத்தது. காமராசரின் காங்கிரசு தனியே மோதித் தோற்றது. அவர் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தார். நூற்றுக்கு 41 பேர் வாக்களித்த கட்சி, அந்த 41 பேரைத் தேடிச் செல்வதற்கு மாறாக, யாரோடு சேர்ந்தால் எத்தனை இடம் கிடைக்கும் என்று எண்ணத் தொடங்கியது. துப்பாக்கி இல்லாத அடைக்கலம் நாகரிகமானதுதான், எவரும் சாகவில்லை, தேர்தலும் நிற்கவில்லை. ஆனால் கட்சி தேய்ந்தது. தமிழகத்தில் அது மீண்டும் தனித்து ஆட்சி அமைக்கவே இல்லை.

இனி, இந்த அவையில் உள்ளோர்க்கு நெருக்கமான இடத்துக்கு வரவேண்டும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2015இல் 7 இடங்களில் 5ஐப் பெற்றது. 2020இல் 3. கூட்டமைப்பு கலைந்து, இலங்கைத் தமிழரசுக் கட்சி தனித்து நின்ற 2024 நவம்பர் 14 தேர்தலில் 6 இடங்களில் 1. தெற்கில் வேர்கொண்ட தேசிய மக்கள் சக்தி 3 இடங்களை வென்றது. அம்மாவட்டத்தில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதல் முறை. அத்தேர்தலுக்கு முன்னரே தமிழரசுக் கட்சியின் தலைமைப் போட்டி நீதிமன்றப் படி ஏறியிருந்தது. முடிவு வந்த நாட்களில் புலம்பெயர் தமிழர் வீடுகளில் பேசப்பட்டவை நினைவிருக்கும். மக்கள் விலை போய்விட்டனர், இளையோர் வரலாற்றை மறந்தனர் என்ற சொற்கள் ரங்கூனில் 1960இல் பேசப்பட்டவற்றிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

யாழ்ப்பாணத்து வாக்காளர் விலை போகவில்லை என்பதற்கு ஆறு மாதத்தில் சான்று கிடைத்தது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சியே முன்னணிக்கு வந்தது. அதே மக்கள்தாம். நாடாளுமன்றத்துக்கு ஒருவகையாகவும், தம் தெரு விளக்குக்கும் குளத்துக்கும் சந்தைக்கும் வேறுவகையாகவும் அவர்கள் எண்ணிப் பார்த்து வாக்களித்தனர். தோற்ற கட்சிக்கு மீளும் பாதை பிரதேச சபையின் வாயிலில் தொடங்குகிறது என்பதை அவர்களே காட்டிவிட்டனர். அந்தச் சபைகளில் குப்பை அள்ளப்படுகிறதா, வரவு செலவு ஊர் மக்கள் முன் வாசிக்கப்படுகிறதா என்பதில்தான் அடுத்த நாடாளுமன்றத் தேர்தலின் முடிவு கருக்கொண்டிருக்கிறது.

அதில் புலம்பெயர் தமிழரின் பங்கு என்ன? பெற்றோர்க்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோற்ற கட்சிக்குப் படைமுகாமும் தில்லியும் அடைக்கலமானது போல, வெளிநாட்டுப் பணமும் அடைக்கலமாகலாம். ஊரில் ஒருவரும் சந்தா தராத கட்சிக்கு டொரன்டோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ செலவுக்குப் பணம் வந்துவிடுமானால், அக்கட்சி ஊராரின் படியேற வேண்டிய கட்டாயம் இல்லாமற் போகும். பணம் அனுப்புவோர் விரும்பும் சொற்களை மேடையில் பேசினால் போதும் என்றாகிவிடும். உதவ வேண்டாம் என்பதன்று. பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் உதவுங்கள். கட்சிக்கு உதவ விரும்பினால், உள்ளூரில் எத்தனை உறுப்பினர் சந்தா செலுத்துகின்றனர், கணக்கு எங்கே வெளியிடப்பட்டது, கிளைக் கூட்டம் கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டு, விடை வந்தபின் உதவுங்கள்.

இளையோரே, உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. 2024இன் வாக்குகளையும் 2025இன் வாக்குகளையும் பிரதேசம் பிரதேசமாக அட்டவணையில் இட்டு ஒப்பிட உங்களால் ஒரு வார இறுதியில் முடியும். எந்தப் பிரதேசத்தில் வாக்குத் திரும்பியது, எங்கே திரும்பவில்லை, எங்கே மக்கள் வாக்களிக்கவே வரவில்லை என்பது அதில் தெரியும். அந்த அட்டவணையை வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒருசேர அனுப்பி வையுங்கள். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, திரும்பாத பிரதேசங்களில் உள்ள உறவினரிடம் காரணம் கேளுங்கள். மாமாவும் சித்தியும் மேடைப் பேச்சாளர் சொல்லாததைச் சொல்வர்.

நேரம் கடந்துவிட்டது. வினாக்கள் இருப்பின் எழுப்பலாம்.